மைக்கிலிருந்து ஏழடி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தத் தையல் தொழிற்கூடத்தின் வெட்டும் அறை வேறு வேலைக்கு மாறிவிடும். வாரத்தில் ஆறு நாள் பள்ளிச் சீருடைக்கும் மருத்துவமனை அங்கிக்கும் துணி வெட்டப்படும் நீண்ட மேசை, சுவரோரம் தள்ளப்படும். மேசை நின்ற இடத்துக்கு நேர்மேலே, விளக்கு மாட்டும் கொக்கியில் ஒரே ஒரு மைக் தலைகீழாகத் தொங்கவிடப்படும். பிறகு மாஸ்டர் தரையில் முழந்தாளிட்டு, துணியில் கோடு போடும் அதே நீலச் சாக்கட்டியால் நான்கு குறிகள் இடுவார்.

அந்த இசைக்குழுவின் சட்டம், சாத்திரம் எல்லாம் அந்த நான்கு குறிகள்தாம். ஒரே மைக்கில் நால்வர் வாசிப்பதைப் பதிவு செய்வதென்றால், ஒருவருடைய ஒலியைக் கூட்டவும் இன்னொருவருடையதைக் குறைக்கவும் பொத்தான் கிடையாது, தூரம்தான் பொத்தான். பாடுபவருக்கு மைக்கிலிருந்து ஒன்றரை அடி. கிட்டாரின் ஒலிப்பெட்டிக்கு ஐந்தடி. பேஸ் கிட்டாரின் பெட்டிக்கு ஏழடி. டிரம்ஸுக்குப் பத்தடி. இந்தக் கணக்கைப் பல வாரம் காதால் கேட்டுக் கேட்டு வகுத்தவர் மாஸ்டர். திங்கட்கிழமை துடைப்பம் குறிகளை அழித்துவிடும்; அடுத்த ஞாயிறு அவரே மறுபடியும் அளந்து இடுவார்.

மாஸ்டர் அந்தத் தொழிற்கூடத்தின் கட்டிங் மாஸ்டர். கழுத்தில் அளவுநாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர் அவருடைய மனைவி ஒருவரே; தாமும் அதிகம் பார்த்ததில்லை என்று அந்த அம்மையார் சொல்லிச் சிரிப்பதுண்டு. குழுவைத் தொடங்கியவர் அவர். கிட்டார் வாசிப்பவரும் அவரே. பங்க் இசையின் கூச்சல் ஓய்ந்த பிறகு, அதன் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சதையைக் கழித்து எலும்பை நிறுத்தியதுபோல் ஓர் இசை வந்ததே, போஸ்ட்-பங்க் என்று, அதுதான் அவருடைய மதம். "பேஸ்தான் பாட்டைத் தூக்கிக்கிட்டு நடக்கணும். கிட்டார் குறுக்க கத்தி வீசிட்டு நகந்துடணும்" என்று அவர் பல ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்துவந்தார். சொல்லும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பாடுபவர் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யும் பெண்மணி. எந்த வண்டி எந்த மேடையில், எத்தனை நிமிடம் தாமதம் என்பதை எந்த உணர்ச்சியும் கலவாமல் சொல்லிச் சொல்லி, காதலையும் சாவையும்கூட அதே குரலில் பாட அவருக்குக் கைவந்திருந்தது. அதுவே குழுவின் தனிச்சிறப்பாயிற்று. 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்ற குழுவின் பெயரும் அவர் கொடுத்ததே. டிரம்ஸ் வாசிப்பவன் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பற்கள் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை செய்பவன். ஆகவே அவனுக்குப் பல்செட்டு என்று பெயர். பிறர் பல்லைச் செய்பவன் தன் வாயை மூடியே வைத்ததில்லை.

நான்காவது ஆள்தான் வினை. முதலில் பேஸ் வாசித்தவன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனதும், மாஸ்டரின் மனைவி தம் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இருபத்துநான்கு வயது, லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழில், நகங்களில் எப்போதும் கிரீஸ்.

"சும்மா கையைக் காலை ஆட்டிக்கிட்டு இருக்கான். நீங்களே ஆளாக்கி விடுங்க" என்றார் மனைவி.

மாஸ்டர் ஆளாக்கினார். ஆறு மாதம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஏழாம் மாதம், மைத்துனன் தானாக ஒரு மெட்டு வாசித்தான். அடித்தளத்தில் லிஃப்ட் கிளம்பி, ஒவ்வொரு தளமாக நின்று நின்று மேலே வருவதுபோல ஐந்தே சுரங்கள். அறிவிப்பாளர் வாயைத் திறக்க மறந்து நின்றார். பல்செட்டின் கை தானாகத் தாளத்தில் விழுந்தது. அதுதான் பாட்டை நடத்திச் செல்லும் பேஸ். மாஸ்டர் ஆண்டுக்கணக்காகப் பிரசங்கித்தது அதைத்தான். அன்று அவருக்கு மட்டும் அந்த அறை திடீரெனப் புழுங்கியது.

"எப்படி மாமா இருக்கு?" என்று மைத்துனன் கேட்டான்.

"மூணாவது சுரத்துல விரல் வழுக்குது. கவனி" என்றார் மாஸ்டர். விரல் வழுக்கவே இல்லை.

முதல் நிகழ்ச்சி ஒரு கல்லூரிச் சிற்றரங்கில் நடந்தது. இருநூறு பேர் வந்திருப்பார்கள். முடிந்ததும் மாடிப்படியில் இறங்கிய பிள்ளைகள் அந்த ஐந்து சுரத்தை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கிட்டாரை யாரும் முணுமுணுக்கவில்லை. வீசிய கத்தியை யார் முணுமுணுப்பார்கள்? அது மாஸ்டருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்ததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

வீட்டில்தான் அது முற்றியது. மறுநாள் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதே மெட்டை வாய்க்குள் பாடினார்.

"அது என்ன பாட்டு?" என்று கேட்டார் மாஸ்டர், தெரியாதவர்போல.

"நம்ம தம்பி வாசிச்சதுதான். கேட்டதுலேருந்து நாக்கைவிட்டுப் போக மாட்டேங்குது."

"நானும் அதே பாட்டுலதான் வாசிச்சேன்."

"நீங்களுமா? ஆமா ஆமா, நீங்களும் நல்லாத்தான் வாசிச்சீங்க" என்று மனைவி ஒரு தட்டைக் கவிழ்த்தார்.

அந்த 'உம்' மாஸ்டரின் தொண்டையில் முள்ளாக நின்றது. பன்னிரண்டு ஆண்டு மணவாழ்க்கையில் தம் கிட்டாரின் ஒரு வரியை மனைவி முணுமுணுத்ததுண்டா என்று நினைத்துப் பார்த்தார். ஒருமுறை தையல் இயந்திர விளம்பரத்தை முணுமுணுத்தார், அவ்வளவே.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் ஏழடியை அளக்கும்போது, நாடாவின் நுனியை நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்தார். அதற்கடுத்த வாரம் இன்னொரு நான்கு விரற்கடை. மூன்றாம் வாரமும் அப்படியே. நான்கு விரற்கடையை யார் கண்டார்கள்? ஆனால் அந்தத் தரையில் ஒரு விரிசல் இருந்தது. மைத்துனனின் குறி வழக்கமாக விரிசலுக்கு இந்தப் பக்கம் இருக்கும்; மூன்றாம் வாரம் அது அந்தப் பக்கம் போயிருந்தது. தினமும் மேடை எண்களைச் சரிபார்க்கும் கண், அறிவிப்பாளருடையது.

"மாஸ்டர், பேஸ் எப்போ அந்தப் பக்கம் போச்சு?"

"போகலையே. ஏழடிதான்."

அறிவிப்பாளர் அவர் கழுத்திலிருந்து நாடாவை உருவி அளந்தார். எட்டடிக்கு நான்கு விரற்கடைதான் குறைவு.

மாஸ்டரின் முகம் சுண்டியது. ஆனாலும் தொழில் கைகொடுத்தது. "நாடா பழசும்மா. துணி நாடா இழுத்து இழுத்து நீண்டுபோகும். எங்க கூடத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்துவோம்."

"நாடா நீண்டா நாலு குறியும் இல்ல நகரணும்? ஒண்ணு மட்டும் எப்படி நகருது?"

பல்செட்டு குறுக்கே விழுந்தான். "விடுங்கக்கா. மச்சினன்னா கொஞ்சம் தள்ளித்தான் வைக்கணும். நான் என் மச்சினனைப் பக்கத்து ஊர்லயே வச்சிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அறிவிப்பாளர் தாமத அறிவிப்பைச் சொல்வதுபோலச் சொன்னார்: "இந்தக் குறியை நம்பித்தான் நாலு பேரும் நிக்கிறோம். இனிமே யாராவது சொல்லாம நகத்தினா, அவங்க குழுவைவிட்டுப் போகணும். அது யாரா இருந்தாலும் சரி."

"யாரா இருந்தாலும் சரி" என்று மாஸ்டரும் உரக்கச் சொன்னார். அவருடைய குரல்தான் எல்லாவற்றிலும் உரக்க ஒலித்தது. மைத்துனன் தரையைப் பார்த்தபடி கிட்டார்ப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

இரண்டு மாதத்தில் ஒரு சிறிய ரெக்கார்டு நிறுவனத்துக்காரர் வந்தார். நீங்களே பதிவு செய்து கொடுங்கள், அப்படியே வெளியிடுகிறேன் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்பட்டது. அதற்கு முன்தினம் ஓர் இசை இதழில் குழுவைப் பற்றி ஒரு பத்தி வந்தது. அதில் மைத்துனனைப் பற்றி ஐந்து வரி. அறிவிப்பாளரைப் பற்றி மூன்று. பல்செட்டைப் பற்றி ஒன்று. மாஸ்டரைப் பற்றி, 'கிட்டாரும் உண்டு.' குழுவைப் பெற்று வளர்த்தவனை இரண்டே சொல்லில் முடிக்கும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? பேனா பிடித்தவனுக்குக் கை கூசாதா? மாஸ்டர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மனைவி அதன் இன்னொரு படியைக் கத்தரித்துக் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்தார்.

பதிவு நாளன்று மாஸ்டர் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்தார். சீருடைக் காலமாதலால் வெட்டும் அறையில் நீலத் துணிச் சுருள்கள் ஆளுயரம் அடுக்கியிருந்தன. அவர் தனியாகச் சுருள்களை இழுத்து ஒரு மதில்போல் அடுக்கினார். மதிலுக்குப் பின்னால், இரண்டு செங்கற்சுவர் கூடும் மூலையில், மைக்கிலிருந்து பதினான்கு அடி தள்ளி ஒரு குறியை இட்டார். பேஸ் பெட்டியை அந்த மூலையில் முட்டக் கொண்டுபோய் வைத்தார். மதிலின் இந்தப் பக்க அடியில், பெட்டி துணிக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது என்று பார்ப்பவர் நினைக்கட்டும் என்று, ஏழடியிலும் ஒரு குறியை இட்டுவைத்தார். பல்செட்டு உட்காரும் இடத்திலிருந்து அந்த மூலை தெரியாது. அறிவிப்பாளர் பாடும்போது எப்போதும் தம் அறிவிப்பு அறையில் இருப்பதுபோலச் சன்னலைப் பார்த்தே நிற்பார். அங்கே நிற்கப்போகிறவனுக்கு மட்டும் தெரியும்.

மைத்துனன் முதலில் வந்தான். மதிலைப் பார்த்தான்; மூலையைப் பார்த்தான்; ஏழடிக் குறியைப் பார்த்தான்.

"மாமா, என் இடம் மாறியிருக்கே."

"இன்னிக்கு உன் சத்தம் முட்டுது. துணிக்குப் பின்னாடி நின்னாத்தான் எடுபடும்." மாஸ்டர் கிட்டாரின் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார். "அவங்ககிட்டச் சொல்லிக் கலவரப்படுத்தாதே. பதிவு நாள்."

மைத்துனன் சிறிது நேரம் அவரைப் பார்த்தான். "நீங்க சொன்னா சரி மாமா" என்று மூலைக்குப் போனான்.

அன்று காலை முழுவதும் மாஸ்டருக்குத் தம் கிட்டார் மட்டுமே கேட்டது. அப்படி ஒரு காலை அவர் வாழ்வில் வந்ததே இல்லை. பதிவு முடிந்ததும் ஒலிநாடாவைச் சுழலவிட்டு, பதிவுக் கருவியில் இருந்த உள்ளங்கையளவு ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள். அதில் கனத்த ஒலி எதுவும் வராது. கம்பி கீறுவதும் குரலும் தாளமுமே வந்தன.

"பேஸ் எங்கடா?" என்றான் பல்செட்டு.

"இந்தச் சின்னப் பெட்டியில பேஸ் என்னிக்குக் கேட்டிருக்கு?" என்றார் மாஸ்டர். அது உண்மை. உண்மையைச் சொல்லியே ஒரு பொய்யை மூடிவிட்ட மகிழ்ச்சியில் அவர் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக்கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்து ரெக்கார்டு வந்தது. தொழிற்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு ரெக்கார்டுக் கடை உண்டு. அதன் வாசலில் ஆளுயர ஒலிபெருக்கிகள் இரண்டு நின்றன. மாஸ்டர் அந்தத் தெருவில் திரும்பும்போதே உள்ளங்காலில் ஏதோ அதிர்ந்தது. கடையை நெருங்கும்போது அதிர்வு முழங்காலுக்கு ஏறியது. ஐந்து சுரம். சுவரே வாசிப்பதுபோல, கட்டடத்தின் அடியிலிருந்து எதுவோ பெரிதாக, இருட்டாக, நின்று நிதானித்து மேலே வருவதுபோல. கடைக்கு முன்னால் நின்றவர்கள் பேச்சை விட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டாரும் இருந்தது.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறையின் மூலையில் பேஸ் பெட்டியை வைத்தால், இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கனத்த ஒலியைப் பெருக்கித் தள்ளும் என்பதும், துணி மதில் அதன் கரகரப்பை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் அவருக்கு அப்போது தெரியாது. தள்ளிவைத்தவன் இரண்டு மடங்கு பெரிதாகத் திரும்பி வந்திருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. சிற்றரங்கம் பேரரங்கமாயிற்று. மக்கள் மேடைக்கு முன் நின்று, "வருந்துகிறோம்! வருந்துகிறோம்!" என்று கூவினார்கள். பத்திரிகைகள் அந்தப் பேஸ் ஒலிக்கு ஒரு பெயரே சூட்டின: 'மூடிய அறையின் முழக்கம்.' அது எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றித்தானே பக்கம் பக்கமாக எழுத முடியும்! அவனுடைய விரல் என்றார்கள், அவனுடைய ஆன்மா என்றார்கள், லிஃப்ட் குழிக்குள் தனியாக வேலை செய்தவனின் மௌனம் என்றார்கள். மாஸ்டர் ஒவ்வொன்றையும் படித்தார். என் சாக்கட்டி, என் மதில், என் மூலை என்று உள்ளுக்குள் ஒரு குரல் அலறியது. அதை வெளியே விட்டால், பாராட்டு வந்து சேருமுன் குட்டு உடையும். உலகமே புகழும் ஒன்றைத் தாமே செய்திருந்தும் மென்று விழுங்க வேண்டிய நிலை பகைவனுக்கும் வரக்கூடாது.

குழு வேனில் ஊர் ஊராகப் போனது. மாஸ்டர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். சுவரொட்டியில் மைத்துனன் நடுவில் நிற்பதாக ஒரு நாள். பேட்டியில் தம்மிடம் பேஸைப் பற்றியே கேட்டதாக ஒரு நாள்.

"இன்னிக்கு ரெண்டாவது பாட்டுல முந்திட்டே" என்பார்.

"சரி மாமா, பாத்துக்கறேன்."

"என்னத்தைப் பாத்துக்கறே? நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்து பிந்திட்டேன்னு சொன்னீங்க மாமா."

பின் இருக்கையிலிருந்து பல்செட்டு: "மாஸ்டர், அவன் முந்தினாலும் குத்தம், பிந்தினாலும் குத்தம்னா, அவனை வேன் மேல கட்டி வச்சிடலாமா? நடுவுல இருப்பான்."

"நீ பல்லைப் பாத்துக்கோடா!"

"என் பல்லு நானே செஞ்சது மாஸ்டர். உங்களுதுதான் நறநறங்குது, பின்னாடி வரைக்கும் கேக்குது."

அறிவிப்பாளர் சன்னலைவிட்டுத் திரும்பாமலே, "ரெண்டு பேரும் நிறுத்தலேன்னா அடுத்த நிறுத்தத்துல இறக்கிவிடச் சொல்வேன்" என்றார். அவர் குரலில் அது மிரட்டலாக இல்லை, தகவலாக இருந்தது.

இரண்டாம் ரெக்கார்டுக்குப் பெரிய நிறுவனம் ஒன்று அழைத்தது. அவர்களுடைய ஸ்டூடியோவில் மைக்குகள் நாற்பது. ஒவ்வொருவருக்கும் பஞ்சு பதித்த தனித்தனிக் கண்ணாடி அறை. ஒலிப்பதிவு செய்யும் பெண் பொறியாளர் காதுக்கும் கைக்கும் பேர்பெற்றவர். அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்கு அந்த முழக்கம் வேணும். நீங்க என்ன வேணா வாசிங்க, அது இல்லாம இந்த ரெக்கார்டு இல்ல."

முழக்கம் வரவில்லை. முதல் நாள் பெட்டியை மாற்றினார்கள். இரண்டாம் நாள் கம்பிகளை மாற்றினார்கள். மூன்றாம் நாள் பேஸ் கிட்டாரையே மாற்றினார்கள். மைத்துனன் அதே ஐந்து சுரத்தை நூறு முறை, இருநூறு முறை வாசித்தான். சுத்தமாக வந்தது, சுத்தமாக மட்டுமே வந்தது. விரல் நுனி கிழிந்து, பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வாசித்தான். நிறுவனத்தார் ஒருவர் நடைவழியில் நின்று பொறியாளரிடம் தாழ்ந்த குரலில் பேசியது மாஸ்டரின் காதில் விழுந்தது. வேறொரு பேஸ் கலைஞரை வரவழைக்கலாமே என்றார் அவர். இந்தப் பையனுக்கு அன்று ஏதோ தற்செயலாக அமைந்துவிட்டதுபோலிருக்கிறது என்றார்.

அன்று மாலை மாஸ்டர் திருப்தியாகச் சாப்பிட்டார். நெடுநாளுக்குப் பிறகு சாப்பாட்டில் உப்பும் காரமும் தெரிந்தன. அப்போது மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி பேசினான். குரலே சரியில்லை. மறுபடியும் லிஃப்ட் வேலைக்கே போயிடறேன்கறான். அங்க என்னங்க நடக்குது?"

"ஒண்ணும் இல்ல. சத்தம் சரியா அமையலை."

"நீங்க இருக்கீங்களே, பாத்துக்க மாட்டீங்களா? உங்களுக்குத் தெரியாத சத்தமா?" என்றார் மனைவி. அதில் கேலியில்லை. பன்னிரண்டு ஆண்டில் மாஸ்டர் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. வரக்கூடாத நேரத்தில் வந்து சேர்ந்தது.

நான்காம் நாள் காலை பொறியாளர் நால்வரையும் பெரிய கூடத்தில் கூட்டினார். "வாத்தியத்துல இல்ல, விரல்லயும் இல்ல. அறையிலதான் இருக்கு. முதல் ரெக்கார்டு எடுத்த அன்னிக்கு யார் யார் எங்க நின்னீங்க?"

"அது மாஸ்டர் கணக்கு" என்றான் பல்செட்டு. "பாட்டு ஒண்ணரை, கிட்டார் அஞ்சு, பேஸ் ஏழு, நான் பத்து. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

பொறியாளர் கூடத்தின் நடுவில் ஒரே மைக்கைத் தொங்கவிட்டு, ஏழடியில் பெட்டியை வைத்து எடுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இல்ல. இது இல்ல." மைத்துனனிடம் திரும்பினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னிக்கு வேற ஏதாவது மாறியிருந்துச்சா? நீங்க நின்ன இடம்?"

மாஸ்டர் மைத்துனனையே பார்த்தார். அவன் வாயைத் திறந்தால் போதும். அறிவிப்பாளரின் சட்டம் நினைவில் நின்றது: சொல்லாமல் நகர்த்தியவர் வெளியே. தாம் தொடங்கி, தரையில் கோடு போட்டு வளர்த்த குழு.

மைத்துனன் பிளாஸ்திரி சுற்றிய விரல்களைப் பார்த்தான். பிறகு மாஸ்டரைப் பார்த்தான், ஒரு கணம்தான்.

"ஒண்ணும் மாறலை" என்றான். "மாமா போட்ட குறியிலதான் நின்னேன்."

அந்தக் கணத்தில் மாஸ்டருக்கு எல்லாம் விளங்கியது. இவனுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். நான்கு விரற்கடை நகர்ந்த ஞாயிறும் தெரிந்திருக்கும். தன் பேரும் பிழைப்பும் போனாலும் போகட்டும் என்று, மாமனைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறான். வாசிப்பில் முந்தியவன், புகழில் முந்தியவன், இதிலும் முந்திக்கொண்டான்! மாஸ்டருக்கு வந்தது நன்றி அல்ல, வயிற்றெரிச்சல். இவனுடைய பெருந்தன்மையின் நிழலில் இனி ஆயுள் முழுவதும் ஒண்டிக் கிடப்பதா? அதைவிட வெளியே போவது மேல்.

அவர் சட்டைப்பையிலிருந்து நீலச் சாக்கட்டியை எடுத்தார். கழுத்து நாடாவை உருவினார். மைக்குக்கு நேர்கீழிருந்து நாடாவை மாற்றி மாற்றி வைத்து அளந்தபடி கூடத்தின் குறுக்கே போய், இரண்டு சுவர் கூடும் மூலையில் குனிந்து ஒரு குறி இட்டார்.

"பதினாலடி" என்றார். "மூலையோட முட்டி. முன்னால ஆளுயரத்துக்குத் துணி. நான்தான் தள்ளினேன்."

"ஏன்?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"அவன் சத்தம் கேக்கக் கூடாதுன்னு."

 பல்செட்டின் வாய்கூட மூடியிருந்தது. பொறியாளர் மட்டும், "மூலையா! நான் ஒரு முட்டாள்" என்று தலையில் அடித்துக்கொண்டு திரைச்சீலைகளைக் கொண்டுவர ஓடினார்.

"தெரியும் மாமா" என்றான் மைத்துனன் மெதுவாக.

"தெரிஞ்சா அன்னிக்கே சொல்றதுக்கு என்னடா?" என்று மாஸ்டர் சீறினார். கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம்தான் இருந்தது. "பெரிய தியாகி! வாயில என்ன வச்சிருந்தே?"

"சொன்னா நீங்க போக வேண்டி வந்திருக்கும். அப்புறம் அக்கா என்னைச் சும்மா விடுமா?"

பல்செட்டால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "பாத்தீங்களா, அவன் பயந்தது உங்களுக்கு இல்ல மாஸ்டர், வீட்டுக்கு!"

அறிவிப்பாளர் சிரிக்கவில்லை. "விதி போட்டப்ப நீங்களும் உரக்கச் சொன்னீங்க மாஸ்டர்."

"சொன்னேன். போறேன்." மாஸ்டர் கிட்டார் உறையைத் தேடினார்.

"எங்க போறீங்க? ரெக்கார்டு பாதியில நிக்குது." அறிவிப்பாளர் கையை நீட்டினார். "சாக்பீஸைக் கொடுங்க."

"எதுக்கு?"

"குழுவில இருங்க. ஆனா இனிமே குறி போடற கை உங்க கை இல்ல."

 வெளியே போகச் சொல்லியிருந்தால் மாஸ்டர் தலை நிமிர்ந்து போயிருப்பார். மூன்று நாளில் வேறொரு குழுவைத் தொடங்கியிருப்பார். இது அப்படியன்று. பத்து விரலில் ஒன்றைக் கழற்றித் தருவதுபோலச் சாக்கட்டியைத் தந்தார். அறிவிப்பாளர் அதை அங்கேயே மைத்துனனின் கையில் வைத்தார். சற்று யோசித்து, அளவுநாடாவையும் கேட்டார்.

"அது தொழிற்கூடத்தோடது" என்றார் மாஸ்டர். அதை மட்டும் தரவில்லை.

பெட்டி மூலைக்குப் போனது. கனத்த திரைச்சீலைகள் முன்னால் தொங்கின. மைத்துனன் பிளாஸ்திரி விரலால் ஐந்து சுரத்தைத் தொட்டான். கூடத்தின் தரை எழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பொறியாளர் இரண்டு கையையும் தூக்கினார்.

பிறகு மைத்துனன் குறிகளை இட வந்தான். நாடா இல்லை, கண்ணாலேயே அளந்தான். பாடுபவருக்கு ஒன்று. டிரம்ஸுக்கு ஒன்று. கடைசியாக மாஸ்டரின் பெட்டிக்கு முன் வந்து, தரையையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்து, முழந்தாளிட்டு, ஒரு சிறு குறி இட்டான்.

"சரியா மாமா?"

"சரியோ தப்போ, குறி போடறவன் நீ."

தேநீர் இடைவேளையில் எல்லாரும் வெளியே போனதும் மாஸ்டர் கூடத்தில் தங்கினார். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கழுத்து நாடாவை உருவி, மைக்குக்கு நேர்கீழிருந்து தம் குறிவரை இழுத்துப் பிடித்தார். தள்ளி வைத்திருப்பான், இவ்வளவுக்குப் பிறகு எவன் வைக்கமாட்டான்? ஆறடி இருக்கும். குறைந்தது ஐந்தேகாலாவது இருக்கும். நாடாவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

ஐந்தடி. நூல் பிசகவில்லை.

ஒரு விரற்கடை கூடியிருந்தாலும் அவருடைய மனம் ஆறியிருக்கும். மாஸ்டர் இன்னொரு முறை அளந்தார்.